மிதக்கும் சிறுவனும் கற்கள் நிறைந்த பையும்: ‘ஃபுளோட்’ அசைவூட்டக் குறும்படத்தில் பன்மைத்துவமும் பிரதிநிதித்துவமும்

ஆய்வுச் சுருக்கம்

பிக்சார் நிறுவனத்தின் ‘ஸ்பார்க்ஷார்ட்ஸ்’ வரிசையில் 2019ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபுளோட்’ என்னும் மிகுபுனைவுக் குறும்படம் இருவகைப் பிரதிநிதித்துவங்களைத் தன்னுள் கொண்டுள்ளது. ஒன்று, பிலிப்பைன்ஸ் வழி அமெரிக்கர் என்னும் இன அடையாளம். மற்றொன்று, மதியிறுக்கம் (ஆட்டிசம்) என்னும் நரம்பியல் வேறுபாடு. முன்னது கண்ணுக்குப் புலப்படினும் கதையை இயக்குவதில்லை. பின்னது பெயர் சுட்டப்படாமலேயே கதை முழுவதையும் இயக்குகிறது. இச்சமனின்மையை உள்ளுறை, மெய்ப்பாடு ஆகிய தமிழ்க் கவிதையியல் கருத்தாக்கங்களின் துணையுடனும் இயலாமை ஆய்வுகளின் துணையுடனும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டக் குறும்படம், மிகுபுனைவு, பிரதிநிதித்துவம், மதியிறுக்கம், உள்ளுறை, இழிவுக்குறி.

முன்னுரை

வீட்டு முன்புறப் புல்வெளியில் இளந்தந்தை ஒருவர் தம் கைக்குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறார். டேன்டலியன் என்னும் சிறுசெடியின் பஞ்சுபோன்ற விதைத்தலையைக் குழந்தையின்முன் ஊதுகிறார். விதைகள் காற்றில் எழுகின்றன. அவற்றோடு குழந்தையும் எழுகிறது. தந்தையின் முகத்தில் முதலில் தோன்றுவது வியப்பு, அடுத்துத் தோன்றுவது மகிழ்ச்சி. அக்கம்பக்கத்தாரின் பார்வை தம்மீது விழுவதை உணர்ந்ததும் இரண்டும் மறைகின்றன. குழந்தையைப் பற்றி இழுத்து அணைத்துக்கொண்டு வீட்டிற்குள் சென்று கதவை அடைக்கிறார்.

ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடும் ‘ஃபுளோட்’ படத்தின் தொடக்கம் இது. இதனை எழுதி இயக்கியவர் பாபி ரூபியோ. பிக்சாரில் கதைச்சட்ட ஓவியராக நெடுங்காலம் பணியாற்றிய அவருக்கு மதியிறுக்கமுள்ள மகன் ஒருவர் உண்டு. அம்மகனை வளர்த்த பட்டறிவே படத்தின் கரு என்பதை அவர் நேர்காணல்களில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். 2019 நவம்பர் 12 அன்று, டிஸ்னி பிளஸ் தளம் தொடங்கப்பட்ட நாளிலேயே படம் அத்தளத்தில் இடம்பெற்றது. ஸ்பார்க்ஷார்ட்ஸ் என்பது நிறுவன ஊழியர்களுக்குக் குறைந்த நிதியும் ஏறத்தாழ ஆறு மாத காலமும் அளித்துத் தம் சொந்தக் கதையைச் சொல்லவிடும் திட்டம். பெருமுதலீட்டுப் படங்களில் எளிதில் இடம்பெறாத மனிதர்கள் இவ்வரிசையில் இடம்பெறுவது தற்செயல் அன்று. இழப்பு குறைவாக இருக்கும் இடத்தில்தான் பன்மைத்துவத்தைச் சோதித்துப் பார்க்க நிறுவனம் முன்வருகிறது. இதனைக் குறையாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. 2018இல் ‘பாவ்’ என்னும் குறும்படத்தை இயக்கிய டோமி ஷீ, 2022இல் ‘டர்னிங் ரெட்’ என்னும் முழுநீளப் படத்தை இயக்கினார். குறும்படம் சிலருக்கு வாயிலாகவும் பலருக்கு முற்றமாகவும் அமைகிறது.

முகத்தின் நிறம்

இப்படத்தின் உருவாக்கத்தில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ரூபியோ தம் வாழ்க்கையிலிருந்து எழுந்த இக்கதைக்கு முதலில் வரைந்த தந்தையும் மகனும் வெள்ளையர்கள். உடன் பணியாற்றியவரின் தூண்டுதலுக்குப் பின்னரே அவர்களைத் தம்மைப்போலப் பிலிப்பைன்ஸ் வழி அமெரிக்கர்களாக மாற்றினார். பிக்சாரின் கணினி அசைவூட்டப் படங்களில் அவ்வினத்தார் முதன்மைப் பாத்திரங்களாக இடம்பெற்றது இதுவே முதல்முறை.

தம் மகனைப் பற்றிய கதையில் தம் முகத்தையே வரைய ஒரு கலைஞருக்குத் தோன்றவில்லை என்பது சிறு செய்தி அன்று. அவரைத் தடுத்த ஆணை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை; வெற்றுத்தாளில் இயல்பாக வந்து விழுந்த முகமே அதுதான். பிரதிநிதித்துவம் என்பது ஏற்கெனவே உள்ள பொருளைக் காட்டும் கண்ணாடியன்று, பொருளை உருவாக்கும் செயல் என்று ஸ்டூவர்ட் ஹால் விளக்குவார். அச்செயல் திரைக்கு வருமுன்பே, வரைபவரின் கையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இம்மாற்றம் தெளிவான சான்று. சிறுவர் இலக்கியத்தைக் கண்ணாடி, சாளரம் என்னும் உருவகங்களால் 1990இல் விளக்கிய ரூடின் சிம்ஸ் பிஷப், தம்மைக் காட்டாத நூல்களையே படித்து வளரும் குழந்தை, சமூகத்தில் தன் மதிப்புக் குறைவு என்னும் பாடத்தைக் கற்கிறது என்றார். அக்குழந்தை வளர்ந்து படைப்பாளியானபின் என்ன நிகழும் என்பதை ரூபியோவின் முதல் வரைவு காட்டுகிறது.

மாற்றம் நிகழ்ந்தபின்னும் கதையின் எந்தத் திருப்பமும் அவ்வினப் பின்னணியைச் சார்ந்து நிற்கவில்லை. இதனை இருவகையில் மதிப்பிடலாம். முகத்தின் சாயல் மட்டும் மாறிப் பண்பாடு உள்ளே வரவில்லை; ஆதலால் இது மேற்பூச்சு என்பது ஒரு வாதம். புறநகர் வீடு, புல்வெளி, விளையாட்டுத்திடல் ஆகியவற்றில் ஆசிய வழித் தந்தை ஒருவர் எவ்விதப் பண்பாட்டு விளக்கமும் அளிக்காமல் வெறுமனே தந்தையாக இருக்கும் உரிமையைப் பெறுகிறார் என்பது மற்றொரு வாதம். நான் இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன். சிறுபான்மையினர் திரையில் தோன்றும்போதெல்லாம் உணவும் உடையும் திருவிழாவும் உடன்வர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் ஒருவகைச் சுமையே.

எனினும் இவ்வாதத்திற்கு எல்லை உண்டு. இளங்கலை மாணவர் சிலரிடையே இப்படத்தைத் திரையிட்டுப் பேசியபோது, மகனைப் பற்றி அனைவரும் பேசினர். தந்தையின் இனத்தை ஒருவரும் சரியாகக் குறிப்பிடவில்லை. சீனர் என்றார் ஒருவர், மெக்சிகோக்காரர் என்றார் மற்றொருவர், பெரும்பாலோர்க்கு அவர் ‘அமெரிக்கர்’. இதனை ஆய்வுச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும், ஒரு சமூகத்தார் தம்மை அடையாளம் காணப் போதுமான குறிகள், அச்சமூகத்திற்கு வெளியே குறிகளாகவே இயங்காமற் போகலாம் என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்வு அது.

மிதத்தல் என்னும் உள்ளுறை

இனம் வெளிப்படையாகவும் செயலற்றும் நிற்க, மதியிறுக்கம் மறைவாகவும் செயலாற்றியும் நிற்கிறது. படத்தில் அச்சொல் ஓரிடத்தும் இல்லை. மருத்துவர் இல்லை, பள்ளி இல்லை, நோயறிதல் இல்லை. இறுதியில் திரையில் வரும் காணிக்கைக் குறிப்பும், வேறுபட்டவர்கள் எனக் கருதப்படும் குழந்தைகளையுடைய குடும்பங்களையே பொதுவாகச் சுட்டுகிறது. நேர்காணலைப் படிக்காத பார்வையாளருக்குச் சிறுவன் மிதக்கிறான் என்பது மட்டுமே தெரியும்.

பொருள் வெளிப்படாது உவமை மட்டும் நிற்கும் இவ்வமைப்பைத் தமிழ் மரபு நன்கறியும். ஏனை உவமம் தானே விளங்குவது. உள்ளுறை உவமம் கேட்போரின் நுண்ணுணர்வை வேண்டிநிற்பது. உள்ளுறைக்குத் தொல்காப்பியம் விதிக்கும் வரையறை இங்குக் கருதத்தக்கது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே அதற்கு நிலைக்களன். கேட்போரும் சொல்வோரும் ஒரே நிலத்தின் விலங்கையும் பறவையையும் மரத்தையும் அறிந்தவர்கள் என்பதால்தான் சொல்லப்படாத பொருள் அவர்களிடையே கைமாறுகிறது என்று இவ்விதிக்குப் பொருள் கொள்ள இடமுண்டு. இயற்கை இகந்த ஒன்று நுழைந்தால் அப்பொது நிலம் கலைந்துவிடும்.

அவ்வாறாயின் மிதக்கும் குழந்தை உள்ளுறை ஆகுமா? இயற்கை இகந்தது ஆதலின் ஆகாது என்பதே இலக்கண விடை. படத்தைக் கூர்ந்து நோக்கின் விடை அத்துணை எளிதன்று. மிதத்தலை ரூபியோ வானத்திலிருந்து இறக்கவில்லை, டேன்டலியனிலிருந்து எழுப்புகிறார். அமெரிக்கப் புறநகர்ப் புல்வெளியில் இச்செடி களை. புல்வெளி ஒரே சீராக இருக்க வேண்டும் என விரும்புவோர் அதைப் பிடுங்கி எறிவர். குழந்தைகளோ பறித்து ஊதி மகிழ்வர். ஒரே செடி வளர்ந்தோர்க்குக் களை, சிறுவர்க்கு விளையாட்டு. இதுவே அந்நிலத்தின் கருப்பொருள். படத்தின் பொருள் முழுவதும் அதில் அடங்கியுள்ளது. விதையை ஊதி எழுப்பிய தந்தையே பின்னர்க் குழந்தையைக் கீழே இழுக்கிறார் என்னும் முரணும் அங்கேயே வித்திடப்பட்டுவிடுகிறது. படத்தின் தலைசிறந்த காட்சியாக நான் கருதுவது உச்சக்காட்சியை அன்று, இதனையே.

பொது நிலம் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மதியிறுக்கமுள்ள குழந்தையின் கையைப் பொது இடத்தில் இறுகப் பற்றிக்கொண்டு நடந்த பெற்றோர்க்கு, சிறுவனின் உடலில் பிணைக்கப்பட்ட பட்டை உவமையே அன்று; அன்றாடப் பொருள். அவர்களுக்கு இப்படம் உள்ளுறை, ஏனையோர்க்கு வியப்புக் கதை. தமிழில் ‘மதியிறுக்கம்’ என்னும் கலைச்சொல் இறுகிப்போன ஒன்றைக் கற்பிக்கிறது. ரூபியோவின் உருவகமோ அதற்கு நேர் எதிராக எடையின்மையைக் கற்பிக்கிறது. இறுக்கம் எனின் தளர்த்த வேண்டும், எடையின்மை எனின் நிலத்தில் இருத்த வேண்டும். பெயரிடும் முறையே செயலையும் வகுத்துவிடுகிறது. ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் வழக்கிற்கு வந்தபோது, குறையைத் திறனாக மொழிவது மதிப்பா மழுப்பலா என்றெழுந்த ஐயம் இப்படத்திற்கும் பொருந்தும். பறத்தல் என்பது யாவரும் விரும்பும் ஆற்றல். மதியிறுக்கத்தோடு வாழும் எல்லாக் குழந்தைகளிடமும் அத்தகைய கவர்ச்சியான ஆற்றலைத் தேடினால், உறக்கமின்மை, உணவு மறுப்பு, ஒலிகளைத் தாங்க இயலாமை என்னும் நாள்தோறும் எதிர்கொள்ளும் உண்மைகள் எங்கே போகும்? மிதத்தலின் அழகு அவற்றை மறைக்கிறது என்னும் குற்றச்சாட்டை முற்றிலும் தள்ளிவிட இயலவில்லை.

கற்கள் யாருக்காக?

மிகுபுனைவு பற்றிய கோட்பாட்டில் தொதோரோவ் முன்வைத்த வரையறை, இயற்கையா இயற்கை இகந்ததா என்னும் தயக்கத்தை மையமாகக் கொண்டது. ‘ஃபுளோட்’ படத்தில் இத்தயக்கம் அறவே இல்லை. இது எவ்வாறு நிகழ்கிறது என்று ஒருவரும் வினவுவதில்லை. அறிவியலாளரையோ சமய குருவையோ ஒருவரும் அழைப்பதில்லை. அக்கம்பக்கத்தாரின் கண்களில் காணப்படும் வினா வேறு: இக்குழந்தை ஏன் இப்படி இருக்கிறது? இயற்பியல் விதி மீறப்பட்டதை ஊர் பொறுத்துக்கொள்கிறது, நடத்தை விதி மீறப்பட்டதைப் பொறுப்பதில்லை. இவ்வளவு நகைப்பிற்குரிய நிலையை இவ்வளவு இயல்பாகக் காட்டியதில்தான் படத்தின் சமூக விமரிசனம் உள்ளது.

மருட்கை பிறக்கும் நிலைக்களன்களுள் புதுமையை முதலாவதாக வைக்கும் மெய்ப்பாட்டியல். மிதக்கும் குழந்தையினும் புதுமை யாது? ஆயினும் தந்தையின் மருட்கை நீடிக்கவில்லை. சொற்களற்ற இப்படத்தில் மெய்ப்பாடே மொழி. அம்மொழியில் மருட்கையும் உவகையும் அச்சமாக மாறும் கணத்தில் குழந்தை மாறவில்லை, காண்போர் மட்டுமே வந்து சேர்கின்றனர். அதாவது தந்தை அஞ்சுவது குழந்தையை அன்று, பிறர் பார்வையை.

இதனை எர்விங் கோஃப்மன் 1963இல் வெளியிட்ட ‘ஸ்டிக்மா’ என்னும் நூல் தெளிவாக்கும். இழிவுக்குறி தாங்கியவரைச் சார்ந்து வாழ்பவர்க்கும் அவ்விழிவு ஒரு பங்கு ஒட்டிக்கொள்கிறது என்று அவர் காட்டினார். மறைக்கத்தக்க குறியை மறைப்பதிலேயே வாழ்நாள் முயற்சி செலவாகும் என்பதும் அவர் கருத்து. படத்தில் சில ஆண்டுகள் கழிகின்றன. தந்தை களைத்திருக்கிறார். சிறுவன் வீட்டிற்குள் மிதந்து விளையாடுகிறான். வெளியே செல்ல நேர்கையில் அவன் முதுகுப்பையில் கற்கள் நிரப்பப்படுகின்றன, உடலில் பட்டை பூட்டப்படுகிறது. கற்கள் சிறுவனுக்கு எவ்வகையிலும் உதவவில்லை. அவன் மிதப்பதால் அவனுக்கு வலி இல்லை, நோய் இல்லை. கற்களின் பயன் தெருவில் நடப்போர்க்கே. அவர்கள் வியக்க நேராமல் இருப்பதற்காக ஒரு குழந்தை கல் சுமக்கிறது. தாய் இடம்பெறாத இக்கதையில் அச்சுமையை ஏற்றுபவரும் அதனால் களைப்பவரும் ஒருவரே.

தந்தைக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் திடீரென்று ஓடிவிடும் குழந்தையைப் பிணைத்து அழைத்துச் செல்லும் பெற்றோரை நாணம் ஒன்றே இயக்குவதில்லை, உயிரச்சமும் இயக்குகிறது. படம் இவ்வச்சத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறுதியில் தந்தை மகனை மேலே எறிந்து பறக்கவிடும்போது நாம் கண்கலங்குகிறோம். மறுநாள் அவனை எவ்வாறு பள்ளிக்கு அழைத்துச் செல்வது என்னும் வினா எழுவதில்லை. மிகுபுனைவு தரும் விடுதலை, பராமரிப்பு என்னும் உழைப்பைத் திரைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

ஒரேயொரு வசனம்

படம் முழுவதிலும் பேசப்படும் வசனம் ஒன்றே. விளையாட்டுத்திடலில் கட்டிலிருந்து விடுபட்டு மிதந்து களிக்கும் மகனைத் தந்தை பற்றி இழுக்கிறார், அவன் திமிறுகிறான், சுற்றியுள்ளோர் நோக்குகின்றனர். அப்போது, ஏன் இயல்பாக இருக்கமாட்டேன் என்கிறாய் என்னும் பொருள்படத் தந்தை கத்துகிறார். சிறுவன் ஒடுங்குகிறான். அதுவரை காற்றில் இருந்த உடல் தரைக்கு வருகிறது. கற்களால் முழுமையாக இயலாததை ஒரு சொல் செய்து முடிக்கிறது.

அச்சொல் ‘நார்மல்’. இதன் இலத்தீன் வேர் தச்சரின் மூலைமட்டத்தைக் குறிப்பது. பெரும்பான்மைக்கு ஒத்திருத்தல் என்னும் இன்றைய பொருளில் இச்சொல் ஆங்கிலத்தில் 1840ஐ ஒட்டியே புழக்கத்திற்கு வந்தது என்றும், புள்ளியியலின் வளர்ச்சியோடு அது பிணைந்தது என்றும் லென்னர்ட் டேவிஸ் 1995இல் எடுத்துக்காட்டினார். தமிழில் இதற்கு ‘இயல்பு’ என்று எழுதினால் ஒரு வியப்பான திரிபு நேர்கிறது. இயல்பு என்பது ஒருவர்க்கு இயைந்த தன்மையையும் குறிக்கும். சிறுவனின் இயல்பு மிதத்தல். ‘இயல்பாக இரு’ என்னும் கட்டளைக்கு அவன் ஏற்கெனவே கீழ்ப்படிந்தே இருக்கிறான். மொழிபெயர்ப்பில் தந்தையின் கூற்று தன்னையே மறுக்கும் கூற்றாகிவிடுகிறது. தமிழ்த் துணையுரை எழுதுவோர் ‘மற்ற பிள்ளைகளைப்போல’ என்று மாற்றி எழுதினால் பொருள் நேர்ப்படும். அவ்விடத்து ஒலிக்கும் முரணோ இழக்கப்படும்.

யாருடைய கதை?

கத்தியபின் தந்தை தம் செயலை உணர்கிறார். மகனை மடியில் இருத்தி ஊஞ்சலில் அமர்கிறார், ஆடுகிறார், ஊரார் நோக்க அவனை வானில் விடுகிறார். மாற்றம் முழுவதும் தந்தையுடையது. மகன் தொடக்கத்தில் எவ்வாறிருந்தானோ முடிவிலும் அவ்வாறே இருக்கிறான். அவன் என்ன நினைத்தான் என்பதைப் படம் வினவவில்லை. தம்மை மேம்பட்ட தந்தையாக்கியதற்கு மகனுக்கு நன்றி கூறும் காணிக்கைக் குறிப்பு இதனை ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறது.

டேவிட் மிட்செல், ஷரோன் ஸ்னைடர் ஆகியோர் 2000இல் வெளியிட்ட நூலில், கதைகள் இயலாமையை ஊன்றுகோலாகப் பயன்படுத்துகின்றன, தம் நடைக்கு அது துணைசெய்தபின் அதனைக் கைவிடுகின்றன என்றனர். ‘ஃபுளோட்’ இவ்விமரிசனத்திற்கு உள்ளாகக்கூடியதே. இதனோடு ஒப்பிட, அதே வரிசையில் 2020 சனவரியில் வெளிவந்த எரிக்கா மில்சமின் ‘லூப்’ பொருத்தமானது. பேச்சுமொழியைப் பயன்படுத்தாத மதியிறுக்கமுள்ள பதின்மவயதுச் சிறுமி ரெனேயும் ஓயாது பேசும் மார்க்கஸ் என்னும் சிறுவனும் ஒரே படகில் ஏரியில் செல்ல நேர்வதே அதன் கதை. ரெனேக்குக் குரல் கொடுத்தவரும் பேச்சுமொழியைப் பயன்படுத்தாத மதியிறுக்கமுள்ள பெண்ணே. உலகம் ரெனேயின் கண்ணுக்கும் காதுக்கும் எவ்வாறு வந்தடைகிறது என்பதைச் சில இடங்களில் அவள் நோக்கிலிருந்தே காண்கிறோம். அங்கு மிகுபுனைவு இல்லை, உருவகம் இல்லை. பெயர் உண்டு, நோக்குநிலை உண்டு.

‘லூப்’ உயர்ந்தது, ‘ஃபுளோட்’ தாழ்ந்தது என்று இதனால் முடிவு கட்டுவது அவசரமாகும். தந்தை தம் குற்றவுணர்வைப் பற்றி மட்டுமே உண்மையாகப் பேச இயலும். மகனின் அகத்தைத் தாம் அறிந்ததாக நடிப்பது மற்றொரு வகை ஆக்கிரமிப்பு. ரூபியோ மகனுக்கு அகமொழி புனையாமல் விட்டதில் ஒரு நேர்மை இருக்கிறது. எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று: கத்தப்பட்ட சிறுவன் மன்னிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. ஊஞ்சல் இருமுறை ஆடுவதற்குள் அவன் முகம் மலர வேண்டியிருக்கிறது, ஏனெனில் படம் முடிய வேண்டியிருக்கிறது.

2021

அமெரிக்காவில் ஆசிய வழியினர்மீது வெறுப்புத் தாக்குதல்கள் பெருகிய சூழலில், அச்சமூகத்தாருக்கு ஆதரவு தெரிவிக்கும் வகையில் 2021இல் பிக்சார் இப்படத்தை யூடியூப் தளத்தில் கட்டணமின்றி வெளியிட்டது. படத்தின் ஒரு சட்டகமும் மாறவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பின்னணியில் நின்ற முகம் முன்னணிக்கு வந்தது. மதியிறுக்கத்தின் கதையாக அறிமுகமான படம் ஆசிய அமெரிக்கக் கதையாக முன்வைக்கப்பட்டது. ஒரு படைப்பை அவ்வப்போதைய தேவைக்கேற்ப எடுத்துக்காட்டும் நிறுவன உத்தி இதில் இல்லை என்று கூற இயலாது.

உத்தியாயினும் அது ஒரு வாசிப்பைத் திறந்துவிட்டது. தெருவில் நடக்கும்போது பிறர் கண்ணில் படாதே, குரலை உயர்த்தாதே, வேறுபட்டுத் தெரியாதே என்று பிள்ளைகளைப் பழக்குவது புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் தற்காப்பு முறை. அவ்வகையில் நோக்கின், வீட்டிற்குள் மட்டும் தன் விருப்பப்படி இருந்து வெளியே கற்களோடு நடக்கும் சிறுவன் மதியிறுக்கத்தோடு மட்டும் பிணைக்கப்பட வேண்டியவன் அல்லன். தந்தையின் அச்சத்திற்கும் இரண்டு வேர்கள் இருந்திருக்கலாம்: மகன் வேறுபட்டவன் என்பது ஒன்று, ஏற்கெனவே வேறுபட்டுத் தெரியும் குடும்பத்தில் அவன் மேலும் வேறுபட்டவன் என்பது மற்றொன்று. முதல் வரைவின் வெள்ளைத் தந்தை அப்பையில் கற்களை நிரப்பியிருந்தால் இவ்வாசிப்புக்கு இடமே இருந்திராது. கதையை இயக்காத அடையாளம் எனப் படத்தின் இனக்கூறு குறித்து மேலே கூறியதை இவ்விடத்தில் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. உடன் பணியாற்றியவரின் சொல் கேட்டு ரூபியோ அழித்து வரைந்த முகம், கதைப்போக்கில் எதனையும் மாற்றவில்லை. கற்களின் எடையை மாற்றியிருக்கிறது.